அசையாமல் நின்ற கம்பிகள்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் கம்பிகள் அசையவில்லை. ஜோதிலட்சுமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பின் திரையில் அருகருகே நின்ற இரண்டு கம்பிகளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு ஜோடியைத் தேடிப் போனாள். அதுவும் நின்றது நின்றபடியே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் பதினேழு ஜோடி பார்த்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த விஷாகாவின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"வேற சாம்பிள் போடலாமாக்கா?" என்றாள் விஷாகா.

"போடலாம்மா. இது பழசாயிருக்கும்."

அது பழசில்லை, முந்தாநாள் வளர்த்தது என்று இருவருக்குமே தெரியும்.

ஜோதிலட்சுமிக்கு நாற்பத்தோரு வயது. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு. செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து இறங்கியபோது அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் வெறும் அறையில் யாருக்குச் சொல்லித்தருவது என்று நின்றபோது, ஓரமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் "நான் கத்துக்குறேன் சார்" என்றாள். அது நடந்து பதிமூன்று வருடமாகிறது. இன்னும் ஒப்பந்த வேலைதான். வருடா வருடம் ஜூன் மாதம் ஒரு கடிதம் வரும், அடுத்த ஜூன் வரைக்கும் மூச்சு விடலாம்.

அங்கே ஆராய்ச்சி செய்த மாணவர்கள் வந்தார்கள், போனார்கள். விஷாகா மட்டும் ஆறு வருடமாக இருந்தாள். மாமல்லபுரத்துப் பெண். அப்பா பெருமாள் கோயில் கைங்கரியம். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். சிலிக்கான் சில்லின்மேல் துத்தநாக ஆக்சைடில் மெல்லிய கம்பிகளை வளர்ப்பது அவள் வேலை. கம்பி என்றால் கண்ணுக்குத் தெரிகிற கம்பி இல்லை. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம் கம்பிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்திவிடலாம். திரையில் பார்த்தால் மழைக்குப் பிறகு எழும்பிய கோரைப்புல் மாதிரி இருக்கும். மின்சாரத்தைக் கொஞ்சம் விடும், கொஞ்சம் தடுக்கும். அதனால் குறைகடத்தி என்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும்போது, இரண்டு கம்பிகள் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்தன. நுனியும் நுனியும் தொட்டன, ஒட்டிக்கொண்டன. அன்றைக்கு விஷாகா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சாரங்கபாணி செருப்பைக்கூடக் கழற்றாமல் மைக்ராஸ்கோப் அறைக்குள் ஓடி வந்தார். கம்பிகள் தம் சொந்த மின்னூட்டத்தால் ஒன்றையொன்று இழுக்கின்றன, யாரும் தொடாமலே தாமாக இணைந்துகொள்ளும் கருவிகளை இதை வைத்துச் செய்யலாம் என்று கட்டுரை எழுதினார்கள். அது வெளிநாட்டு இதழில் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ஜோதிலட்சுமியின் பெயரும் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் காட்டினாள். செங்கல்வராயன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்துவிட்டு, அதை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டான்.

இப்போது விஷாகா முனைவர் பட்டத்துக்குக் கொடுத்திருந்த ஆய்வேட்டைத் திருத்தியவர்களில் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். வேறொரு நாட்டில் இதே கம்பிகளை வளர்த்துப் பார்த்தார்களாம், எதுவும் அசையவில்லையாம். ஆகவே புதிதாகப் பத்து ஜோடிகளின் வீடியோ வேண்டும். ஜூன் மாதக் கடைசியோடு விஷாகாவின் பதிவு முடிகிறது. அதற்குமேல் பல்கலைக்கழகம் ஒருநாள்கூடத் தராது.

"பத்து என்ன, நூறு எடுத்து அனுப்பலாம்" என்று சொல்லித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் போயிற்று. ஜோதிலட்சுமி மைக்ராஸ்கோப்பில் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தாள். மின்னழுத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். சாலையில் லாரி போகிற அதிர்வா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கடல் காற்றின் ஈரமா என்று ஏ.சி.யை நாள் முழுக்க ஓட விட்டாள். விஷாகா புதிது புதிதாகச் சாம்பிள் வளர்த்தாள். கம்பிகள் நல்ல உயரம், நல்ல ஒல்லி, பார்க்க அத்தனை அழகு. அசையத்தான் இல்லை.

மே முதல் வாரத்தில் சாரங்கபாணி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஜோதி, நீ மெஷின்ல எதையாவது மாத்தினியா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லும்மா. நாலு வருஷம் வந்த ரிசல்ட்டு திடீர்னு எப்படி நிக்கும்? அந்தப் பொண்ணு லைஃப் இது."

"நான் ஒண்ணுமே மாத்தல சார்."

அவர் போன பிறகு விஷாகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உங்களச் சொல்லலக்கா" என்றாள். அப்படிச் சொன்னதில்தான் அவளும் அதையே நினைக்கிறாள் என்று ஜோதிலட்சுமிக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து விஷாகா வரவில்லை.

வீட்டில் சோறு தட்டிலேயே காய்ந்தது. செங்கல்வராயன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா ஜோதி, துன்னாம குந்திகினு கீற?"

"கம்பி அசையலய்யா."

"அசையலன்னா உனக்கு இன்னா? மெஷினு அவங்குளுது, கம்பி அந்தப் பொண்ணுது. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?"

"பாக்குறது நான்தான? அப்பால யாரைக் கேப்பாங்க?"

அவன் எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தான்.

லேபில் மற்ற வழியெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவள் குறிப்பு நோட்டை எடுத்தாள். யார், எந்தத் தேதி, எந்தச் சாம்பிள், என்ன அமைப்பு என்று ஒவ்வொரு நாளும் அவள் கையால் எழுதுகிற நோட்டு. கம்பிகள் கடைசியாக அசைந்தது பிப்ரவரி பத்தொன்பது. அசையாத முதல் நாள் மார்ச் மாதம். நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது: ஆண்டு பராமரிப்பு. மைக்ராஸ்கோப் கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஜெபகுமாருக்குப் போன் போட்டாள்.

"நான் ஒண்ணும் மாத்தலயே மேடம்" என்றான் அவன். "எல்லாம் செக் பண்ணி க்ளீன் பண்ணேன், அவ்ளோதான். ஆங், உங்க சாய்வு ஸ்டாண்டுல ஒரு வாஷர் பிளாஸ்டிக்கா கெடந்துச்சு. எர்த்தே ஆகல அது. பித்தளை வாஷர் போட்டு வுட்டேன். சின்ன விஷயம்னு ரிப்போர்ட்ல எழுதல."

அவள் நன்றி சொன்னாளா இல்லையா என்று பிறகு ஞாபகம் இல்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாஷரைப் போட்டது அவள்தான். நான்கு வருடத்துக்கு முன் ஸ்டாண்டைக் கழுவும்போது பழைய வாஷர் உருண்டு தொட்டியின் ஓட்டைக்குள் போய்விட்டது. திருகாணி டப்பாவைத் துழாவியதில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. பிளாஸ்டிக் என்று பார்த்தாள்தான், திருகு இறுகினால் சரி என்று போட்டுவிட்டாள். கம்பிகளைப் பக்கவாட்டில் பார்க்க மட்டுமே அந்த ஸ்டாண்டு, விஷாகாவைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஸ்டாண்டைக் கழுவியது திங்கட்கிழமை. கம்பிகள் முதன்முதலில் வளைந்தது அதே வாரம் வியாழக்கிழமை.

மைக்ராஸ்கோப்பிலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள் கம்பிமேல் விழும்போது அதில் மின்னூட்டம் ஏறும். அது ஸ்டாண்டு வழியாக எர்த்துக்கு இறங்கிவிட வேண்டும். அவள் போட்ட வாஷர் அந்த வழியை அடைத்துவிட்டது. இறங்க இடமில்லாமல் கம்பிகளிலேயே தங்கிய மின்னூட்டம் ஒன்றில் கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் சேர்ந்து அவற்றை இழுத்து ஒட்டவைத்திருக்கிறது. கம்பிகளுக்கு அப்படி ஒரு குணமே இல்லை. பார்த்ததால்தான் அவை வளைந்தன.

அன்று மதியமே டப்பாவிலிருந்து வேறொரு பிளாஸ்டிக் வாஷரை எடுத்து மாட்டிப் பார்த்தாள். மூன்றாவது ஜோடி மெல்லத் தலைசாய்த்தது. இன்னும் கொஞ்சம். தொட்டது. இரண்டு மாதமாக எதற்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாளோ அது கண் முன்னால் நடந்தது. ஜோதிலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு பித்தளை வாஷரைத் திரும்பப் போட்டு, ஸ்டாண்டைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்பது ஒருபக்கம். அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆறு வருடமாக அக்கா அக்கா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், நீ கண்டுபிடித்தது என் கைத்தவறு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அவள் அசையாத கம்பிகளைப் பார்த்தே ஜூன் முடியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது.

நான்காம் நாள் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினாள்.

விஷாகாவின் அம்மா சௌந்தரவல்லி கதவைத் திறந்தாள். யார் என்று கேட்கவில்லை, பார்த்ததும் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"ஜோதியா? உள்ள வாம்மா. சுவத்தப் பாத்துண்டு படுத்துண்டிருக்கா. ரெண்டு நாளா ஒரு வார்த்தை இல்லை. இவ அப்பா கோயிலுக்குப் போயும் கை ஓடலேன்னு திரும்பி வந்துட்டார். எனக்கு பயமா இருக்கும்மா."

உள்ளே விஷாகா கிடந்த கிடையைப் பார்த்து ஜோதிலட்சுமிக்கும் பயம் வந்துவிட்டது. முகம் கழுவச் சொல்லி, கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். சிற்பப் பட்டறைகளில் கல் கொத்தும் சத்தத்துக்கு நடுவே நடந்து கடற்கரைக்கு வந்தார்கள். வெயில் இறங்கவில்லை. படகு நிழலில் உட்கார்ந்தார்கள். ஜோதிலட்சுமி ஒரே மூச்சில் சொன்னாள், தொட்டியின் ஓட்டையிலிருந்து ஜெபகுமாரின் போன் வரை. சொல்லும்போது விஷாகாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

விஷாகா படகின் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப நாலு வருஷமும் அந்த வாஷரா?" என்றாள் விஷாகா.

"எம்மேல தப்பும்மா. நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்குறேன்."

"என்ன சொல்றது? நான் ஏன் எர்த்தைச் செக் பண்ணலை? முதல் பாடம் அது. சார் ஏன் பண்ணச் சொல்லலை? எர்த் இல்லேன்னா திரைல படம் மிதக்கும், மிதக்கறதுன்னு நானே எத்தனை நாள் சொல்லியிருக்கேன். அசையறதைப் பாத்ததும் எல்லாரும் அதையே பாத்துண்டு இருந்துட்டோம்." பிறகு திடீரென்று குரல் உடைந்தது. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுண்டு இருந்திருப்பேன்."

ஜோதிலட்சுமி அவள் முதுகைத் தடவப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் இருவருமாக சாரங்கபாணியிடம் போனார்கள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர். கடைசி நான்கு வருடத்தில் அவர் போன கூட்டங்களிலெல்லாம் பேசியது அந்தக் கம்பிகளைப் பற்றித்தான்.

"வீடியோதானே கேட்டிருக்காங்க?" என்றார் கடைசியில். "பழைய வாஷரைப் போடு ஜோதி. பத்து எடு. விஷாகா அனுப்பட்டும், பட்டம் வரட்டும். அப்புறம் நிதானமா வேற பேப்பர்ல சரி பண்ணிக்கலாம்."

ஜோதிலட்சுமி விஷாகாவைப் பார்த்தாள். அவள் மறுப்பாள் என்று நினைத்தாள். விஷாகா தலையைக் குனிந்தபடியே, "போட்டுடுங்கக்கா" என்றாள். "எனக்கு வேற வழி இல்லை."

மறுக்கிற உரிமை தனக்கு இல்லை என்று ஜோதிலட்சுமிக்குத் தோன்றியது. கெடுத்தவள் தான், இப்போது நியாயம் பேசவும் தானா? போட்டாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பத்து ஜோடி எடுத்தார்கள். கம்பிகள் சொன்னபடி வளைந்தன, சொன்னபடி ஒட்டின. முன்பெல்லாம் ஒவ்வொரு ஜோடி தொடும்போதும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். அன்று கைகள் மேசைமேலேயே இருந்தன. ஏழாவது ஜோடி தொட்டபோது விஷாகா எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். "எட்டு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் குறிப்பு நோட்டில் எழுதும் நேரம் வந்தது. தேதி எழுதினாள், சாம்பிள் எண் எழுதினாள். அமைப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. பதிமூன்று வருடத்தில் அந்த நோட்டில் அவள் பொய் எழுதியதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை, கை வரவில்லை. 'சாய்வு ஸ்டாண்டு, பிளாஸ்டிக் வாஷர், எர்த் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, பிப்ரவரிக்கு முன் நான்கு வருடமும் இதே அமைப்புத்தான் என்றும் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து சாரங்கபாணி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"இது எதுக்கு ஜோதி?"

"அப்டித்தான சார் எடுத்தோம்."

"நாளைக்கு யாராவது வந்து கேட்டா இந்த நோட்டைத்தான் கேப்பாங்க. இந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற எழுதிடு."

"வீடியோ எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன் சார். இது என்னால ஆவாது."

"உன்னாலதாம்மா இவ்வளவும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

"என்னாலதான் சார். அதான் எழுதி வச்சிட்டேன்."

விஷாகா அறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து நோட்டை வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். வீடியோக்களை அவள் இன்னும் அனுப்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் மற்ற இருவருக்கும் தெரிந்தது.

"பித்தளை வாஷர் போடுங்கக்கா" என்றாள். "அதே சாம்பிள்ல வேற பத்து ஜோடி எடுக்கணும். ரெண்டையும் சேத்து அனுப்பறேன்."

"விஷாகா, யோசிச்சுக்கோ" என்றார் சாரங்கபாணி.

"யோசிச்சுண்டேதான் சார் இருக்கேன், ரெண்டு நாளா. சாப்பாடு உள்ள போக மாட்டேங்கறது."

அனுப்பினாள். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. திருத்தியவர் நேர்மையைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் நிற்காது, புதிதாக எழுத வேண்டும் என்று இருந்தது. ஜூன் முடிந்தது. கால நீட்டிப்பு கேட்டுப் போட்ட மனுவைப் பல்கலைக்கழகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் சாரங்கபாணி ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு யாரையும் வாசலில் பார்த்தால் நின்று பேசுவதை விட்டுவிட்டார்.

அந்த ஜூனில் ஜோதிலட்சுமிக்குக் கடிதம் வரவில்லை. பதிமூன்று வருடமாக வைத்திருந்த சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்தாள். வாங்கிக்கொண்டவர், மைக்ராஸ்கோப்புக்கு வேறு ஆள் வரும்வரை அறை பூட்டியே இருக்கும் என்றார். அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த செங்கல்வராயன் விஷயத்தைக் கேட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நைனா காலத்துலேந்து பாக்குறேன், உண்மைய சொன்னவன எவன் வூட்டாண்ட சேத்தான்?" என்றான். பிறகு, "சரி வுடு. வேலதான? பாத்துக்கலாம்" என்றான். அவளுக்கு அந்த ஆறுதல் எங்கேயும் ஒட்டவில்லை. வேலை போனதற்கு அவள் அழவில்லை. ஒரு பெண்ணின் ஆறு வருடம் போனதற்குத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது அவள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறாள். பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு. கண் எரியும். முதல் மாதம் அவள் கழித்துப்போட்ட துண்டுகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவளால் முடியவில்லை.

விஷாகா அணுபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறாள். நீட்டிப்பு மனு மூன்றாவது முறையாக உள்ளே இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். எதிர்க்கடையில் டீ வாங்கினார்கள்.

"வேற லேப்ல கேட்டிருக்கேன்க்கா. பார்க்கறதால கம்பி எப்படி அசையறது, எவ்வளவு மின்னூட்டத்துக்கு எவ்வளவு வளையறது, அதையே எழுதலாம்னு. அவா இன்னும் பதில் போடலை."

"போடுவாங்களா?"

"தெரியலை."

ஜோதிலட்சுமி கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, ஆறு மாதமாக மனதில் இருந்ததைக் கேட்டாள். "எம்மேல கோவமாம்மா?"

விஷாகா உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் ஜோதிலட்சுமி நம்பியிருக்க மாட்டாள். அவள் டீயைப் பாதி குடிக்கும்வரை யோசித்தாள்.

"சில நாள் வரும்க்கா. காலைல எழுந்ததும் வரும். அப்பறம் போயிடும்."

"வரட்டும்" என்றாள் ஜோதிலட்சுமி. "வந்தா எனக்குப் போன் போட்டுத் திட்டு. மனசுக்குள்ள வச்சிகினு படுத்துராத."

உள்ளே மணி அடித்தது. அடுத்த தட்டுத் துண்டுகள் மேசைக்கு வந்திருக்கும். விஷாகா திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள். பஸ் வந்து அவள் ஏறும்வரை ஜோதிலட்சுமி வாசலிலேயே நின்றாள். காவல்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனாள்.